முப்புரியின் புதிர் அவிழ்த்த பேரறிஞர் ஜி.என். இராமச்சந்திரன்

வேலூரிலிருந்து ஆம்பூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பாலாற்றை ஒட்டி அமைந்த ஊர் மாதனூர். ஆரணி, வந்தவாசிப் பகுதிகளிலிருந்து வேலூர் வழியாகப் பெங்களூர் செல்லும் நம் சமூகத்தார் பலர் இவ்வூரைக் கடந்தே சென்றிருப்பர். இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என விரிந்து கிடக்கும் தோல் தொழில் வட்டாரத்தின் நடுவே இவ்வூர் உள்ளது. பச்சைத் தோல் ஏற்றிய லாரி எதிரே வரும்போது வண்டியின் சன்னலை மூடிக்கொள்ளாதவர் நம்மில் அரியர். கொல்லாமையைக் குலநெறியாகக் கொண்ட நமக்கும் இத்தொழிலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்னும் நிறைவு அப்பொழுது நம் மனத்தில் எழுவதும் இயல்பே. அத்தொழிலில் உழைத்துப் பிழைக்கும் எளிய மக்களை இகழ்வது நம் நோக்கமன்று. அந்த நிறைவு சரிதானா என்று எண்ணிப் பார்ப்பதே நோக்கம்.

அதே நாள் பொழுது சாயுமுன் வீடு சேர்ந்து உணவு கொள்கிறோம். உணவுடன், மருத்துவர் எழுதிக் கொடுத்த வைட்டமின் காப்ஸ்யூல் ஒன்றையும் விழுங்குகிறோம். கண்ணாடிபோல் மின்னும், அழுத்தினால் நெகிழும், உள்ளே எண்ணெய் நிறைந்த அந்த மென்மையான உறை எதனால் ஆனது? பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் என்பது மாடு, பன்றி முதலிய விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் பொருள். சன்னலை மூடி எதை விலக்கினோமோ, அதன் மற்றொரு வடிவம் நம் கைக்குள்ளேயே இருக்கிறது.

இந்தப் பொருளின் உள்ளமைப்பை உலகுக்கு முதன்முதல் விளக்கிக் காட்டியவர் சென்னையில் வாழ்ந்த தமிழர் ஒருவர் என்பதும், அவரே பிற்காலத்தில் சமணரின் சியாத்வாதத்தைக் கணித மொழியில் அமைக்க முற்பட்டார் என்பதும் நம்மில் பலர் அறியாதவை. அவரே பேரறிஞர் ஜி.என். இராமச்சந்திரன். அவருடைய வாழ்க்கையை நம் இல்லங்களில் பெரியோரும் இளையோரும் அறிந்துகொள்வது பயன் தரும்.

பிறப்பும் கல்வியும்

இராமச்சந்திரன் 1922-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர். தாயார் இலட்சுமி அம்மாள். பெயரின் முன்னுள்ள ஜி என்னும் எழுத்து, முன்னோர் ஊராகிய கோபாலசமுத்திரத்தைக் குறிப்பது. தந்தையார் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் விளங்கியவர். மகனுக்கு இளமையிலேயே கணிதத்தில் சுவை உண்டானதற்கு அவரே காரணர். எந்தப் புதிரையும் எண்ணாகவும் வடிவமாகவும் மாற்றிப் பார்க்கும் பழக்கம் அன்று வேரூன்றியது. அது இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942-இல் சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பெற்றுத் தேறினார். அவ்வாண்டே பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையில் சர் சி.வி. இராமன் இருந்தார். மாணவரின் திறத்தைக் கண்ட இராமன், இவர் இருக்க வேண்டிய இடம் இயற்பியலே என்று முடிவு செய்து தம் துறைக்கு அழைத்துக்கொண்டார். படிகங்களின் ஒளியியல் பண்புகளையும் எக்ஸ் கதிர்களையும் இராமனிடம் ஆழ்ந்து கற்ற இராமச்சந்திரன், 1947-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜின் காவெண்டிஷ் ஆய்வகத்தில் ஆய்ந்து 1949-இல் பிஎச்.டி. பட்டமும் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

சென்னைக்கு வருகை

அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். பெயர் பெற்ற மருத்துவராகிய அவர், பல்கலைக்கழகத்தில் புதிதாக இயற்பியல் துறை ஒன்றைத் தொடங்க விழைந்தார். தலைமைப் பொறுப்பை ஏற்குமாறு முதலில் இராமனையே வேண்டினார். இராமன் தமக்கு மாற்றாகத் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். அவ்வாறு 1952-இல், தமது 29-ஆம் வயதில், இராமச்சந்திரன் துறைத் தலைவராகக் கிண்டி வளாகத்துக்கு வந்து சேர்ந்தார்.

துறை புதியது, கருவிகள் சில, ஆட்கள் சிலர். பெரிய நாடுகளின் பெரிய ஆய்வகங்களோடு போட்டியிட வேண்டுமானால், அவை தீர்க்க மாட்டாமல் விட்ட ஒரு வினாவைத் தேர்ந்தெடுப்பதே வழி. அவ்வினாவை அவருக்குக் கொண்டு வந்தவர், சென்னைக்கு வருகை புரிந்த ஆங்கில அறிவியலறிஞர் ஜே.டி. பெர்னால். கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாக அறியப்படவில்லை என்றும், அதுவரை முன்மொழியப்பட்ட அமைப்புகளில் எதுவும் நிறைவளிக்கவில்லை என்றும் உரையாடலின்போது அவர் குறிப்பிட்டார். இராமச்சந்திரன் அதனைப் பற்றிக்கொண்டார்.

கொலாஜன் யாது? விலங்குடலில் மிகுதியாகக் காணப்படும் புரதம் அது. தோலுக்கு உறுதி தருவதும், எலும்பைப் பிணிப்பதும், தசைநாண்களுக்கு வலிமை தருவதும் அதுவே. நம் உடலிலும் அது உண்டு. தோல் பதனிடுதல் என்பதே, அழுகிப் போகக்கூடிய கொலாஜனை அழுகாதவாறு இறுகச் செய்யும் தொழில்தான். ஆம்பூரில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட முன்னோரும் பின்னர் குரோமிய உப்பைக் கையாண்டோரும் அறிந்தோ அறியாமலோ இப்புரதத்தோடுதான் உழைத்தனர்.

ஆய்வுக்கு வேண்டிய பொருள் தொலைவில் இல்லை. கிண்டி வளாகத்துக்கு அருகில், அடையாற்றில், 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. தூய்மையான கொலாஜன் இழைகள் அதில் ஒழுங்காக அமைந்திருந்தன. விலங்குடலின் ஒரு பகுதியைக் கொண்டே அந்த ஆய்வு நடந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அந்த ஆய்வால் விளைந்த அறிவை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே நம் கையில் உள்ளது.

முப்புரியின் தோற்றம்

இராமச்சந்திரனும் அவருடைய உடனாய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் அவ்விழைகளின்மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, அவை சிதறி விழும் கோலத்தைப் படமெடுத்தனர். அக்கோலத்திலிருந்து மூலக்கூற்றின் வடிவத்தை உய்த்துணர வேண்டும். நிழலைக் கண்டு பொருளை அறிவது போன்ற அரிய பணி அது.

வேதியியலார் கண்டறிந்த ஓர் உண்மை அவர்களுக்குத் துணை நின்றது. கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது அது. மூன்றில் ஒன்று என்னும் இந்த ஒழுங்கு தற்செயலாக இருக்க முடியாது என்று இராமச்சந்திரன் கருதினார். மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிச் செல்லும்போது நடுவில் எஞ்சும் இடம் மிகக் குறுகியது. அவ்விடத்தில் கிளைசின் மட்டுமே பொருந்தும். ஆகவே ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாம் இடந்தோறும் கிளைசின் வந்து நடுவை நோக்கி நிற்க வேண்டும். இவ்வாறு பிறந்தது மூன்று புரி அமைப்பு. 1954-இல் நேச்சர் இதழில் இது வெளியாயிற்று.

எனினும் ஒரு குறை இருந்தது. எக்ஸ் கதிர்ப் படம் காட்டிய அளவுகளோடு இவ்வமைப்பு முழுதும் ஒத்துவரவில்லை. அப்போது அவருக்கு நிலவின் நினைவு வந்தது. நிலவு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே புவியையும் சுற்றுகிறது. ஆயினும் தன் ஒரே முகத்தையே என்றும் புவிக்குக் காட்டுகிறது. அதுபோல் ஒவ்வொரு சங்கிலியும் தானும் முறுக்கிக்கொண்டு, மற்ற இரண்டோடும் சேர்ந்து மீண்டும் முறுக்கிக்கொண்டால், கிளைசின் என்றும் நடுவை நோக்கியே நிற்கும். கயிறு திரிப்போர் செய்வதும் இதுவே. தனித்தனிப் புரிகளை ஒரு பக்கமாக முறுக்கி, அவற்றை ஒன்று சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்குவர். அதனால் கயிறு பிரியாது. கொலாஜனின் ஒவ்வொரு புரியும் இடமாகவும், மூன்றும் சேர்ந்த கயிறு வலமாகவும் முறுக்குண்டிருப்பதைத் திருத்திய அமைப்பு காட்டிற்று. 1955-இல் இதுவும் நேச்சர் இதழில் வந்தது. இன்று அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கம் ஒன்று இம்முப்புரியின் பெயரையே தாங்கி நிற்கிறது.

புரி பிரிந்தால் ஜெலட்டின்

இந்த உண்மை தெரிந்த பின், ஜெலட்டின் யாது என்னும் வினாவுக்கு விடை எளிதாயிற்று. தோலையும் எலும்பையும் சுண்ணாம்பு நீரிலோ அமிலத்திலோ ஊற வைத்து, பின் வெந்நீரில் காய்ச்சினால், முப்புரிக் கயிறு பிரிந்து தனித்தனிச் சங்கிலிகள் நீரில் கரையும். இக்கரைசலே ஜெலட்டின். ஆறும்போது அச்சங்கிலிகள் பழைய நினைவால் ஆங்காங்கே மீண்டும் முறுக்கிக்கொள்ள முயலும். முழுக் கயிறாக முடியாமல், வலைபோல் பின்னி நீரைத் தம்முள் பிடித்துக்கொள்ளும். அதனால் அது கூழாக உறையும். நம் உடற்சூடு பட்டதும் அந்த அரைகுறை முறுக்கு அவிழ்ந்து உருகிவிடும். தச்சர்கள் மரத்தை ஒட்டப் பயன்படுத்தும் வச்சிரமும் இதன் தூய்மை குறைந்த உடன்பிறப்பே.

மருந்து செய்வோர் இதனை விரும்பியதற்குக் காரணம் இதுதான். ஜெலட்டினுடன் நீரும் கிளிசரினும் கலந்து இரண்டு நாடாக்களாக வார்த்து, சுழலும் இரு அச்சுகளுக்கிடையே செலுத்தி, நடுவில் எண்ணெய் மருந்தைப் பீய்ச்சி, விளிம்புகளைச் சூட்டால் ஒட்டி வெட்டியெடுக்கும் எந்திரத்தை அமெரிக்கரான இராபர்ட் பாலி ஷெரர் 1930-களின் தொடக்கத்தில் அமைத்தார். சூட்டில் ஒட்டுதல், ஆறியதும் உறுதியாதல், நெகிழ்தல், வயிற்றுக்குள் சென்றதும் கரைதல் ஆகிய நான்கு குணங்களும் ஜெலட்டினில் ஒருங்கே இருந்தன.

ஈண்டு நாம் தெளிவாக உணர வேண்டுவது ஒன்று. தாவரங்களின் உடலில் கொலாஜன் இல்லை. ஆகையால் தாவரத்திலிருந்து எடுத்த ஜெலட்டின் என்று ஒன்று இல்லை. அப்பெயரில் விற்கப்படுவது ஜெலட்டினுக்கு மாற்றாக வந்த வேறொரு பொருளாகவே இருக்க வேண்டும். பால் கறப்பதுபோல் உயிரை வதைக்காமல் ஜெலட்டினைப் பெறவும் இயலாது. அது உடலின் தோலும் எலும்புமேயாகும்.

வழக்கும் விடையும்

இராமச்சந்திரனின் முப்புரி வெளியான சிறிது காலத்துக்குள், கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் தம் அமைப்பை வெளியிட்டனர். மூன்று புரி என்னும் அடிப்படையை அவர்களும் ஏற்றனர். ஆனால் சென்னை அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றும், புரிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டன்று, ஒன்றே என்றும் வாதிட்டனர். டி.என்.ஏ. அமைப்பைக் கண்ட புகழுடையவர் கிரிக். அவரோடு மாறுபட்டு நிற்பது, விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆன நாட்டின் இளம் பேராசிரியருக்கு எளிதன்று.

இராமச்சந்திரன் சினந்து எழுதவும் இல்லை. சோர்ந்து விலகவும் இல்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே அடிப்படையிலிருந்து ஆராய்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தார். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய உடனாய்வாளர்களுடன், அறியப்பட்ட படிகங்களின் அளவுகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு திருப்பக் கோணங்கள் உண்டு. அவற்றுள் எவை இயலும், எவை இயலா என்பதை ஒரே சதுரப் படத்தில் அவர்கள் வரைந்து காட்டினர். 1963-இல் வெளியான அப்படம் இராமச்சந்திரன் வரைபடம் என்னும் பெயரோடு இன்று உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிவோர் அது சரியா என்று சோதிக்க இவ்வரைபடத்தையே நாடுகின்றனர். எதிர்ப்பாக வந்த வாதம், அவர் கையில் உலகுக்கே பயன்படும் கருவியாக மாறிற்று.

பிணைப்பைப் பற்றிய வழக்கின் முடிவும் சுவையானது. இரண்டாம் பிணைப்பு நேராக அமையாமல், இடையே ஒரு நீர் மூலக்கூறு நின்று அதனை உண்டாக்கலாம் என்று 1968-இல் இராமச்சந்திரன் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். 1994-இல் கொலாஜன் போன்ற ஒரு சிறு மூலக்கூற்றின் படிக அமைப்பை அமெரிக்க ஆய்வாளர்கள் துல்லியமாகக் கண்டபோது, நேரான பிணைப்பு ஒன்றே என்பது தெரிந்தது. புரிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் பாலம்போல் நின்று பிணைப்பதும் தெரிந்தது. ஒரு வகையில் அவர்கள் சொன்னது மெய். மற்றொரு வகையில் இவர் சொன்னதும் மெய். அநேகாந்தம் பயின்ற நமக்கு இது வியப்பளிக்காது.

மாற்றுப் பொருள் எங்கே?

ஒரு பொருள் எவ்வாறு வேலை செய்கிறது என்று அறிந்தால்தான் அதற்கு மாற்றுத் தேட இயலும். சங்கிலிகள் சூட்டில் பிரிந்து, குளிரில் முறுக்கிக்கொண்டு நீரைப் பிடிப்பதே கூழின் மறைபொருள் என்று தெரிந்தபின், அவ்வாறு முறுக்கிக்கொள்ளும் வேறு சங்கிலிகள் தாவரங்களில் உண்டா என்பதே வினா. உண்டு. கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் அகர் அகரும் கராஜீனனும் அத்தகையவை. அவை புரதங்கள் அல்ல. சர்க்கரை அலகுகள் கோத்த நெடுஞ்சங்கிலிகள். ஆறும்போது அவையும் முறுக்கிக்கொண்டு, அம்முறுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலையாகின்றன. சைனா கிராஸ் என்னும் பெயரில் கடையில் வாங்கி இனிப்புச் செய்யும் பொருள் அகர் அகரே.

மாத்திரை உறைகளில் இரு வகை உண்டு. தூள் மருந்து அடைத்து இரு மூடிகளாகச் செருகும் கடின உறை ஒன்று. அதற்கு மரக்கூழின் செல்லுலோசிலிருந்து செய்யப்படும் எச்.பி.எம்.சி. என்னும் பொருள் நெடுங்காலமாகவே பயன்பட்டு வருகிறது, இந்தியாவிலும் கிடைக்கிறது. எண்ணெய் மருந்துக்கான மென்மையான உறை மற்றொன்று. இதுவே கடினமான வேலை. நாடா கிழியாமல் நெகிழ வேண்டும். சூட்டில் விளிம்பு ஒட்ட வேண்டும். எண்ணெய் கசியக் கூடாது. அகர் நாடா முறிந்துவிடும். செல்லுலோசு நாடா எளிதில் ஒட்டாது. அயோட்டா என்னும் வகைக் கராஜீனனுடன் பதப்படுத்திய மாவுச்சத்தைக் கலந்தால் இக்குணங்கள் பெரும்பாலும் வாய்க்கின்றன என்பது கண்டறியப்பட்டு, இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் அத்தகைய உறைகள் விற்பனைக்கு வந்துள்ளன. ஜெலட்டினை விட மிகுந்த சூட்டில் இவற்றை வார்க்க வேண்டியுள்ளது, விலையும் கூடுதல். இதனால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் இன்னும் ஜெலட்டினையே பயன்படுத்துகின்றன.

கராஜீனன் தரும் கடற்பாசி நமக்கு அயலானதன்று. இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன் கரையோரங்களில் மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் என்னும் சிவப்புப் பாசியைப் பெண்கள் வளர்க்கின்றனர். அது தருவது கப்பா என்னும் வகைக் கராஜீனன். அதன் கூழ் கடினமானது. மென்மையான உறைக்கு வேண்டிய அயோட்டா வகை, அதன் நெருங்கிய உறவான மற்றொரு பாசியிலிருந்து கிடைப்பது. பாசிக்கும் உயிருண்டு, ஆயினும் ஓரறிவுயிருக்கும் ஐயறிவுயிருக்கும் உள்ள வேறுபாட்டை இல்லறத்தார்க்குரிய அணுவிரதத்திலேயே நம் ஆசாரியர்கள் வகுத்துத் தந்துள்ளனர்.

இன்னும் ஒன்றும் கருதத்தக்கது. உறை மட்டும் தாவரமானால் போதாது. உள்ளிருக்கும் எண்ணெய் மீனின் ஈரலிலிருந்து வந்திருக்கலாம். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு மயிரின் மெழுகிலிருந்து செய்யப்படுவது. லைக்கன் என்னும் கற்பாசியிலிருந்து செய்யப்படுவதும் கிடைக்கிறது. கிளிசரின் தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும்.

சியாத் நியாயம்

இராமச்சந்திரனின் வரலாற்றுக்கு மீள்வோம். 1961-இல் பட்நாகர் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1967-இல் கொலாஜன் பற்றிய பெருநூலின் முதல் தொகுதியைப் பதிப்பித்தார். 1971-இல் ஏ.வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து, பல திசைகளில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உட்புற வடிவத்தைக் கணித்தெடுக்கும் முறையொன்றை வெளியிட்டார். சி.டி. ஸ்கேன் எந்திரங்களில் படம் உருவாக்கும் கணக்கு முறைகளுக்கு அது பெரிதும் உதவிற்று. அவ்வாண்டுகளில் சென்னையை விட்டுப் பெங்களூர் அறிவியல் கழகத்துக்குச் சென்று மூலக்கூற்று உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். 1977-இல் இலண்டன் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவேயில்லை.

முதுமையில் அவர் மனம் தத்துவத்தின்பால் திரும்பிற்று. 1980-களின் தொடக்கத்தில் அவர் அமைத்த ஒரு தருக்கக் கணித முறைக்குச் சியாத் நியாய முறை என்று பெயரிட்டார். சமண ஆசாரியர்களின் சியாத்வாதத்திலிருந்தே அப்பெயரையும் கருத்தையும் எடுத்துக்கொண்டார். வழக்கமான தருக்கத்தில் ஒரு கூற்று மெய் அல்லது பொய். வேறு நிலை இல்லை. அவர் ஒவ்வொரு கூற்றுக்கும் இரண்டு எண்களை அளித்தார். மெய்யாகக் கூடுமா என்பதற்கு ஒன்று. பொய்யாகக் கூடுமா என்பதற்கு மற்றொன்று. மெய் மட்டுமே கூடுமானால் அது மெய். பொய் மட்டுமே கூடுமானால் பொய். இரண்டும் கூடுமானால் ஐயம். இரண்டும் கூடாதெனில் அது முரண். இந்நான்கு நிலைகளையும் கொண்டு, கணிப்பொறியும் கையாளக்கூடிய கணக்காக அதனை விரித்து கரண்ட் சயன்ஸ் இதழில் கட்டுரைகள் எழுதினார். சமண சமயத்தில் பிறவாத ஓர் இயற்பியலறிஞர், நம் ஆசாரியர்களின் நெறியை வெறும் பழம்பெருமையாகப் போற்றாமல், பயன்படும் கருவியாகக் கண்டார் என்பது நமக்கு ஒரு பாடம்.

அவருடைய இறுதி ஆண்டுகள் நோயில் கழிந்தன. நடுக்கு நோயும் பக்கவாதமும் அவரை வாட்டின. 1998-இல் துணைவியார் இராஜலட்சுமி அம்மையார் மறைந்தது அவருக்குத் தாங்கொணாத துயராயிற்று. 1999-இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசு வந்தது. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார்.

நாம் செய்யத்தக்கது

இப்பெரியார் தந்த அறிவைக் கொண்டு நம் கையிலுள்ள காப்ஸ்யூலை நோக்குவோம். ஒரு வகையில் அது மருந்து. நோயுற்ற உடலைக் காப்பது. மற்றொரு வகையில் அது ஓர் உயிரின் தோல். இரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பது ஏகாந்தம். உயிர்காக்கும் மருந்தை உறைக்காக மறுத்து உடலை அழித்துக்கொள்வது தகாது. மருந்துதானே என்று கேளாமல் விழுங்குவதும் தகாது. கேட்டறிதலே இரண்டுக்கும் நடுவிலுள்ள வழி.

உணவுப் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி கண்டு வாங்குகிறோம். மருந்துகளில் அவ்வசதி இல்லை. உயிர்காக்கும் மருந்துகள் தவிர்த்த ஏனைய மருந்துகளிலும் அழகுப் பொருள்களிலும் சைவ, அசைவக் குறியிட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. ஜெலட்டின் உறைகளுக்கு மாற்றாகத் தாவர உறைகளைக் கொண்டுவருவது பற்றி 2016 முதல் நடுவணரசின் சுகாதாரத் துறையிலும் பேச்சு எழுந்தது. ஆயினும் இன்று கேட்க வேண்டியவர் வாங்குபவரே.

மருத்துவர் மருந்து எழுதும்போதே, அதே மருந்து அழுத்திச் செய்த மாத்திரையாகவோ நீர்மமாகவோ கிடைக்குமா என்று பணிவுடன் கேட்கலாம். பல மருந்துகள் அவ்வாறு கிடைக்கின்றன. அவற்றிலும் சேர்பொருள்களைக் கேட்டறிவது நன்று. வைட்டமின், சத்து மாத்திரை வகைகளில் பொருட்பட்டியலைப் படித்து, ஜெலட்டின் இன்றிக் கராஜீனனும் மாவுச்சத்தும் எழுதியிருப்பதைத் தேர்ந்து வாங்கலாம். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவதோ மாற்றுவதோ கூடாது. வேதியியலும் மருந்தியலும் பயிலும் நம் இளைஞர்களுக்கு இங்கே ஒரு பணி காத்திருக்கிறது. ஜெலட்டினுக்கு நிகரான, மலிவான, நம் கடற்கரைப் பாசியிலிருந்தே செய்யத்தக்க மென்மையான உறையை அமைப்பவர், ஆயிரம் பேர் விரதத்தைக் காத்தவர் ஆவார்.

அடுத்த முறை மாதனூரைக் கடந்து செல்லும்போது சன்னலை மூடுவதோடு நிறுத்தாமல், வீட்டிலுள்ள மருந்துப் பெட்டியையும் நினைவு கொள்வோமாக. அறிவும் அருளும் ஒருங்கே வளர்க.